மூடிக்கொண்ட வீடு

கமலநாதனின் கைக்காயம் ஆறி முடிந்த வாரம், அவர் வீட்டு வாசற்கதவின் சாவித்துளையும் ஆறி மூடிக்கொண்டது. மலேசியாவின் மூவார் ஊரில் அப்போது பாதி நாள் குழாயில் தண்ணீர் வராமல் இருந்ததால் தாமான் குடியிருப்பில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. பூட்டுக்காரச் சீனர் வந்து கதவைத் தடவிப் பார்த்தார். டார்ச் அடித்தும் பார்த்தார். இந்தக் கதவில் எந்தக் காலத்திலும் துளை இருந்ததில்லை என்று சொல்லிவிட்டு, வந்ததற்குக் கூலியை வாங்கிக்கொண்டு போனார். துளை இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு தழும்பு இருந்தது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. அவர் மனைவி கஸ்தூரி அதன்மேல் கொஞ்சம் விபூதியைப் பூசி, எல்லாரையும் பின்வாசல் வழியாகப் புழங்கச் சொன்னாள்.

கமலநாதன் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் மரம் அறுப்பவர். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, ஒரு நாள் ரம்பம் மரத்தை விட்டுவிட்டு அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தையல். நனைக்காதே, கனம் தூக்காதே, சொறியாதே, குறித்த நாளில் கிளினிக்கில் தையலைப் பிரித்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார்கள். கஸ்தூரி ஒன்றைக்கூட மீறவில்லை. அவர் குளிக்கும்போது கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டினாள். தன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கட்டைத் தொட்டதில்லை. உப்புநீரில் நனைத்த துணியால் தையலின் இரு பக்கமும் ஒற்றி எடுத்தாள், சிவந்திருக்கிறதா என்று பார்த்தாள், சீழ் வாடை வருகிறதா என்று முகர்ந்துகூடப் பார்த்தாள். அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் ஜொகூரில் ஒருவருக்குத் தையல் போட்டால் ஹருவான் சூப்பு குடிக்கவைக்காமல் ஊர் விடாது. ஹருவான் என்பது விரால் மீன்தான். செம்பனைத் தோட்டத்துக் கால்வாய்ச் சேற்றில் கிடக்கும், வெட்டினாலும் லேசில் சாகாது. அதைக் குடித்தால் அறுந்த சதை கூடும் என்பதில் மட்டும் மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. கஸ்தூரி மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு வேளை தவறாமல் சூப்பு வைத்தாள். கிளினிக்கில் தையல் பிரித்த தாதி ஷாந்தினி, இவ்வளவு அழகாக ஆறிய காயத்தைத் தான் பார்த்ததில்லை என்றாள்.

தையல் பிரித்ததும் ஹருவானை நிறுத்திவிட வேண்டும். அதுவும் எல்லாரும் அறிந்த வழக்கம்தான். கஸ்தூரி நிறுத்தவில்லை. "வெளிய ஆறிடுச்சு. உள்ள ஆறியிருக்கான்னு யாரு பாத்தா?" என்று கேட்டாள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் எல்லாம் அவளுக்கு மீன் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சாவித்துளைக்குப் பிறகு சுவரின் விரிசல்கள் ஒட்டி மூடிக்கொண்டன. கூரை ஒழுகுவது நின்றது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். ஒரே மகள் லோஷினியின் பள்ளிச் சீருடையில் இருந்த கிழிசல் தானாக ஒட்டிக்கொண்டது. நான்காம் வகுப்புப் பிள்ளை, தூக்கத்தில்கூட வாய் ஓயாதவள். பள்ளிப் பேச்சுப்போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, பேசவேண்டியதைச் சுவரிடமும் பூனையிடமும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலை அவளுடைய தோடுகள் தலையணையில் கிடந்தன. காதில் துளை இல்லை. அப்புறம் சட்டைகளின் பொத்தான் துளைகள், சுவரின் மின்பிளக் துளைகள், குளியலறை வடிகால் என்று வரிசையாகத் தூர்ந்தன. கஸ்தூரி பயந்துபோய் மீனை நிறுத்தினாள், மாரியம்மனுக்கு அர்ச்சனை செய்தாள். ஜன்னல்கள் அப்போதும் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. கமலநாதனின் கை மட்டும் நாளுக்கு நாள் மினுமினுத்தது. அதில் தழும்பும் இல்லை, ஒரு ரோமமும் இல்லை.

பேச்சுப்போட்டி அன்று காலை லோஷினி எழுந்தபோது அவள் உதடுகளின் இரு ஓரமும் கூடியிருந்தன. நடுவில் உறிஞ்சுகுழல் நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. அதன் வழியாகத்தான் அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். கஸ்தூரி பிள்ளையை வாரிக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினாள். பின்வாசல் இல்லை, சுவர்தான் இருந்தது. கமலநாதன் சுத்தியலால் அடித்தார். மறுபடி ஓங்குவதற்குள் அடித்த பள்ளம் நிரம்பிவிட்டது. "அலமாக்! கதவு எங்க அண்ணி?" என்று பக்கத்து வீட்டு மலர் வெளியிலிருந்து கத்துவது கிணற்றுக்குள் கேட்பதுபோலக் கேட்டது. மூச்சு முட்ட ஆரம்பித்தது. மகளின் வாய் ஓர் அரிசியளவு ஆகிவிட்டது.

கமலநாதன் சுத்தியலைக் கீழே போட்டார். "எல்லாம் என் கையிலேருந்துதான் ஆரம்பிச்சுச்சு," என்று கையை நீட்டினார். "திரும்ப அறு."

"என்னால முடியாதுங்க. நான் பாத்துப் பாத்து ஆத்துன கை."

"பிள்ளையப் பாரு கஸ்தூரி."

பார்த்தாள். காய்கறிக் கத்தியை எடுத்தாள். அந்த நேரத்திலும் அதை ஸ்பிரிட்டால் துடைத்தாள். பிறகு பழைய தையல் ஓடிய வழியே அறுத்தாள். ரத்தம் வந்ததும் பின்வாசல் பெருமூச்சு விட்டதுபோல் திறந்தது. லோஷினி வாயைத் திறந்து அலறினாள். அந்த அலறலைக் கேட்டு, பிள்ளை பிறந்த அன்று அழுததுபோல் கஸ்தூரி அழுதாள்.

அதன் பிறகு காயத்தை ஆறவிடாமல் பார்த்துக்கொள்வது அந்த வீட்டு வேலைகளில் ஒன்றாயிற்று. வெள்ளிக்கிழமை கத்தி எடுப்பது ஆகாது என்பதால் வியாழக்கிழமைகளில் அறுத்தார்கள். ஆறவும் விடக்கூடாது, சீழ் பிடிக்கவும் விடக்கூடாது. அதே உப்புநீர், அதே சுத்தமான கட்டு, அதே முகர்ந்து பார்ப்பது. தாமானுக்கும் பழகிவிட்டது. யார் வீட்டிலாவது கதவு இறுகினால், "என்னலா, இந்த வாரம் அறுக்கலையா?" என்று கமலநாதனைக் கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார். கஸ்தூரி சிரிக்கமாட்டாள். புதன்கிழமை வந்தாலே அவளுக்குச் சோறு இறங்காது. ஒரு தீபாவளிக்கு உலு திராமில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போன சந்தோஷத்தில் மறந்துவிட்டார்கள். திரும்பும் வழியில், பின்சீட்டில் பேசிக்கொண்டே வந்த லோஷினி பாதிச் சொல்லில் நின்றுபோனாள். காரை ஓரங்கட்டி, செம்பனை மரங்களின் அடியில் வைத்து அறுத்தார்கள். கையில் அறுக்கப் புது இடம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

லோஷினி பதினேழு வயதாகிப் பள்ளியின் ஐந்தாம் படிவம் போன ஆண்டு, கிளினிக்கில் ரத்தம் சோதித்த ஷாந்தினி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அண்ணே, உங்களுக்கு இனிப்பு நீர் வந்துடுச்சு, ரத்தத்துல சீனி ஏறிப்போச்சு. கவனிக்காம விட்டா இந்தக் காயம் ஆறாது."

கஸ்தூரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெசமாவா மிஸ்ஸி? தானா ஆறவே ஆறாதா?" கண்ணீர் கொட்டியது. ஷாந்தினி அதைத் துக்கம் என்று நினைத்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். வேளைக்கு மாத்திரை போட்டால் பயமில்லை என்று பையைக் கையில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கஸ்தூரி அந்தப் பையை அலமாரியின் கடைசியில் தள்ளிவைத்தாள். தேநீர் போட்டாள். சீனிப் பாகாக இருக்கும் டின் பாலைச் சாய்த்தாள், வடியும்வரை காத்திருந்தாள், இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். கமலநாதன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முன்னறையில் லோஷினி யாரோ தோழியுடன் போனில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டே குவளையைக் காலி செய்து, மனைவியிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றார். "இனிப்பு பத்தல."