கொம்யூன் போர்டு வரைக்கும்

1

அன்று காலையில் கலைவேந்தன் கேட்டது பாத்திரம் துலக்கும் சோப்பு.

"லட்சு, அந்தப் பச்ச சோப்பத் தண்ணியில கரைச்சு ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்திக் குடு."

"காருக்கு எதுக்குங்க பாத்திர சோப்பு?"

"காத்து எங்க ஒழுவுதுன்னு பாக்கணும்டி. நொர வந்தா அங்க ஓட்ட."

"சமையக்கட்டுக் கொழா ஆறு மாசமா ஒழுவுது. அதுக்கெல்லாம் நொர வராதா?"

சிரித்தான். பானெட்டுக்குள் குனிந்து, தடித்த ரப்பர் குழாய்களின் மேல் சோப்புத் தண்ணீரை அடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டான்: "நெல்ல எதுவரைக்கும் பரப்பப் போறீங்க?"

"கொம்யூன் போர்டு வரைக்கும்."

"சரி."

இந்தக் கதை ஒரு மனுவாகத் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வில்லியனூர் மார்க்கெட் பக்கம் ரோஸ்லின் அக்காவின் ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிப்பது என் வேலை. பட்டா, பென்ஷன், குடிநீர் என்று ஊரார் குறையையெல்லாம் அடித்திருக்கிறேன். என் கணவர் கலைவேந்தன் இறந்ததைப் பற்றிய மனுவை அடிக்க உட்கார்ந்தபோது மூன்றாவது வரியில் நின்றுவிட்டது. "மேற்படி மெக்கானிக் குழந்தைவேல் என்பவர் எனது கணவரின் காரில் முறைகேடாக வேகத்தை அதிகப்படுத்தி" என்று இருந்தது. அந்த வரி பொய். அது பொய் என்று எங்கள் வீட்டில் எனக்கும் இன்னும் ஒருத்திக்கும் மட்டும்தான் தெரியும்.

திங்கட்கிழமை அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். இன்று சனி.

2

இதில் என் பெயர் மகாலட்சுமி. "அவள்" என்று எழுதினால் வாக்கியம் முடிகிறது. "நான்" என்றால் பாதியில் நின்றுவிடுகிறது. அவரை "அவன்" என்று எழுதுவதும் எனக்கு இதுதான் முதல் தடவை. கல்யாணமான எட்டு வருடத்தில் ஒருநாள் கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. கதைக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் கேட்கிறேனா, அவரிடமா என்று தெரியவில்லை.

இப்படி ஒரு தொடக்கம் எழுதிப் பார்த்தேன்: "வேகத்தின் மீது அவனுக்குத் தீராத மோகம்." அடித்துவிட்டேன். அவன் மோகக்காரன் அல்ல. கிருமாம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, பழைய டீசல் கார் ஒன்று. ஆளேற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது அது மூச்சு வாங்கியது. பின்னால் வரும் பஸ்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அவ்வளவுதான் அவன் குறை.

(டர்போ என்றால் என்ன என்று அவன் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இன்ஜின் வெளியே தள்ளும் புகை ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றுகிறது. அந்தக் காற்றாடி வெளிக்காற்றை அமுக்கித் திரும்ப இன்ஜினுக்கே ஊட்டுகிறது. காற்று கூடினால் டீசல் கூடுதலாக எரியும், சக்தி வரும். "வீணாப் போற புகையிலேந்து வேல வாங்கறது லட்சு" என்றான். வழியில் குழாய் ஒழுகினால் வந்த சக்தி வழியிலேயே போய்விடும்.)

3

அந்தச் சோப்புக் காலைக்குச் சில நாள் முன்னால், மூலக்குளத்தில் ஒற்றை ஷட்டர் கடை வைத்திருக்கும் குழந்தைவேலிடம் அவளையும் கூட்டிக்கொண்டு போனான். பதினைந்தாயிரத்துக்குள் காரின் சக்தியைக் கூட்ட வேண்டும் என்றான்.

"தலைவா, பெரிய டர்போ, பெரிய சைலன்சர்னு போனில பாத்துட்டு வருவாங்க. அதெல்லாம் உனக்கு வாணாம்" என்றார் குழந்தைவேல். "மொதல்ல ஓட்டய அடை. ஏர் ஃபில்டர மாத்து. பாதி சக்தி உன் வண்டியிலயே இருக்குது, ஒழுவிட்டுப் போவுது. அப்பறம் வா, லேப்டாப்ப மாட்டி, இன்ஜினுக்கு எவ்ளோ டீசல்னு சொல்ற கம்ப்யூட்டர் மேப்ப மாத்தித் தரேன். கொஞ்சமாத்தான் ஏத்துவேன். ஆசப்பட்டு ஏத்தினா கிளட்ச் போயிடும்."

பிறகு குனிந்து முன்சக்கரத்தை விரலால் தடவினார். "இன்னாபா இது, பாப்பா கன்னம் மாரி வழுவழுன்னு இருக்குது. டயரு, பிரேக்கு, அப்பறந்தான் மேப்பு. காசு இருக்கிறவனுக்கும் அதான் மொதல்ல, இல்லாதவனுக்கும் அதான் மொதல்ல."

"நெல்லு வித்ததும் டயரு மாத்திடறேண்ணே. மேப்ப இப்பவே ஏத்திடுங்க. லீவு போட்டு வந்துருக்கேன்."

குழந்தைவேல் லேப்டாப்பை எடுக்கவில்லை; அவளைப் பார்த்தார். "நீ கேட்டுக்கோமா. டயரு மாத்தறவரைக்கும் இவன வெரட்டிப் பாக்க வுடாத."

அவள் தலையாட்டினாள்.

மனுவின் மூன்றாவது வரியில் இந்தத் தலையாட்டலுக்கு இடமில்லை.

4

இனி, அவன் சோப்புக் கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையின் மதியம். இதை நான்கு விதமாக எழுதி நான்கையும் விட்டுவிட்டேன். இது ஐந்தாவது.

அறுப்புக்கு முன்னால் மழை பெய்திருந்ததால் நெல் ஈரமாக இருந்தது. களத்தில் இடமில்லை. எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுபோல, புதிய நான்குவழிச் சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் பாதியை எடுத்துக்கொண்டு பரப்பினார்கள். ஓரத்தில் வரிசையாகக் கல். முன்னால் தொடங்கும் இடத்தில் கல்லுக்கு நடுவே ஒரு வேப்பங்கொத்து செருகி வைக்க வேண்டும். அதைத் தூரத்தில் பார்த்ததுமே வண்டிக்காரர்கள் வலப்பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். எழுதாத சட்டம் அது. கொத்தை மகாலட்சுமிதான் கொம்யூன் பஞ்சாயத்தின் பெயர்ப்பலகையான அந்தப் போர்டுக்கு நேராகச் செருகினாள்.

பதினோரு மணிக்கு அம்சவள்ளி நெல்லில் கையை விட்டுப் பார்த்தாள். கலைவேந்தனின் அண்ணன் மணவாளனுடைய மனைவி அவள். மகாலட்சுமிக்கு அக்கா முறை.

"இன்னும் ஈரமாக் கீது லட்சுமி. காலைல நெல்லு ஏத்த லாரி வந்துடும். மெல்லிசா இழுத்து வுட்டா சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும்."

"இழுத்தா எடம் பத்தாதுக்கா."

"போர்டத் தாண்டி வா, பாலம் வரைக்கும் இழு. ஞாயித்துக்கெழம யாரு வரப் போறா?"

இருவருமாகப் பலகையால் நெல்லை இழுத்தார்கள். போர்டிலிருந்து சிறுபாலம் நூறடி இருக்கும். பாலத்தில் சாலை மேடேறி இறங்கும். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தால் இந்தப் பக்கத்துத் தரை தெரியாது. நெல் அந்த இறக்கம் வரை வந்துவிட்டது. வேப்பங்கொத்து போர்டிலேயே நின்றது.

கொத்தை மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அவனுக்குப் போன் செய்ய வேண்டும் என்றும் தோன்றியது. கையெல்லாம் நெல்தூசி. போன் மரத்தடியில் சாப்பாட்டுப் பைக்குள் இருந்தது. சாப்பிடப் போகும்போது செய்துகொள்ளலாம் என்று நினைத்தாள்.

(இந்த இடத்தில் மகாலட்சுமியின் மீது எனக்கு நம்பிக்கை போகிறது. தோன்றியதா, அல்லது தோன்றியதாக இப்போது நான் சேர்க்கிறேனா? தோன்றாமலே இருந்திருந்தால் அவள் குற்றம் குறையும். அதனால்தான் தோன்றியது என்றே எழுதியிருக்கிறேன்.)

கார் வடக்கேயிருந்து வந்தது. ஒழுகல் அடைபட்ட இன்ஜினின் சத்தம் அவளுக்குத் தெரிந்தது. முதலில் சாதாரணமாக, பிறகு விசில் போல ஒன்று, பிறகு உந்தல். மேட்டில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போர்டுக்கு முன்னால் நின்றுவிடலாம் என்று அவன் கணக்குப் போட்டிருப்பான். சரியான கணக்கு. பிரேக் பிடித்த இடத்தில் தார் இல்லை, நெல் இருந்தது. வழுவழுத்த சக்கரம் மணிகளின் மேல் உருண்டது. மின்கம்பம்

இதற்கு மேல் அந்த வரியை நான் எழுதவில்லை.

5

ஆஸ்பத்திரியிலிருந்து பொழுது சாயத் திரும்பியபோது நெல் போர்டில் தொடங்கியது. வேப்பங்கொத்துக்குப் பாலத்துப் பக்கம் ஒரு நெல்மணி கூட இல்லை. அம்சவள்ளி வாரித் தள்ளியிருந்தாள். அதற்குப் பிறகு வந்த போலீஸ்காரர் அளந்து எழுதிக்கொண்டு போனார்: அதிவேகம்.

அம்சவள்ளியை எப்படி எழுதுவது? கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். ஆனால் முப்பது நாள் என் பக்கத்தில் படுத்தவள் அவள். தினமும் தலை வாரிவிட்டவள் அவள். பயந்துதான் வாரினாளா, சிந்திக் கிடந்த நெல்லை வாருவது கைப்பழக்கமா? கேட்டால் சொல்வாள். கேட்க எனக்குத்தான் வாய் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் குழந்தைவேல் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். மணவாளன் நேரே போய் நின்றார்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கினு வந்த? எந்தம்பி கார ராக்கெட் ஆக்கி அனுப்பினவன் நீதான?"

குழந்தைவேல் எழுந்தார். டயரைப் பற்றிச் சொல்லவில்லை. மேப்பை ஏற்றவே இல்லை என்றும் சொல்லவில்லை. மகாலட்சுமியை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனார். அவள் மறுபடி தலையாட்டக் கூட இல்லை.

மறுநாள் மணவாளன் சொன்னார்: "நீதாம்மா டைப் அடிக்கிறவ. நல்லா அழுத்தமா ஒண்ணு அடி. அவன் கடைய இழுத்து மூடற மாரி இருக்கணும்."

"செரி மாமா" என்றாள்.

6

முடிவுகள்.

அ. அவள் கையெழுத்துப் போடுகிறாள். ஒற்றை ஷட்டர் இறங்குகிறது. மணவாளனுக்குத் தூக்கம் வருகிறது. நெல் போர்டு வரைக்கும் மட்டுமே இருந்ததாக ஊர் நம்புகிறது. கொஞ்ச வருடத்தில் அவளும் நம்பக்கூடும். எழுத எளிதான முடிவு இதுதான். டைப் அடிக்க நான்கு நிமிடம்.

ஆ. அவள் மணவாளனிடம் சொல்கிறாள். அம்சவள்ளி பக்கத்தில் நிற்கிறாள். மணவாளன் தன் மனைவியைத் திரும்பிப் பார்க்கிறார். அந்தப் பார்வைக்குப் பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று

இ. கையெழுத்துப் போடாமல், காரணமும் சொல்லாமல் இருக்கிறாள். "டயர மாத்தாம ஓட்டினது அவருதான் மாமா" என்று மட்டும் சொல்கிறாள். அது பொய்யும் இல்லை. பழி முழுக்க, பதில் சொல்ல முடியாத ஒருவன் மேல் போய் விழுகிறது. இந்த முடிவைத்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். அதனால்தான் இதைக் கண்டு அதிகம் பயப்படுகிறேன்.

7

மணி ஆறு. கம்ப்யூட்டரில் இரண்டு கோப்புகள் திறந்திருக்கின்றன.

"இன்னா லட்சுமி, கடைய மூடணும்" என்கிறார் ரோஸ்லின் அக்கா. "எதப் பிரிண்ட் போடப் போற? மனுவா, இன்னொண்ணா? அது இன்னாது, இவ்ளோ நீளமாக் கீது?"

"அதுவும் மனுதாங்கா."

"யாருக்கு?"

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் எதை அச்சிட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று பிரதி எடுக்கிறேன். யார் கையில் முதலில் கொடுப்பது என்பதை மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும். மணவாளன் மாமாவிடமா? அவர் படித்து முடித்துவிட்டால், தன் பக்கத்தைச் சொல்ல அம்சவள்ளியக்காவுக்கு ஒருவேளை நேரமிருக்காது. அக்காவிடமா? அவள் அழுதால் நான் மூன்றையும் கிழித்துவிடுவேன். குழந்தைவேலிடமா? அவர் வாங்கிக்கொள்ளாமல், "பரவால்லமா, வுடு" என்று சொல்லிவிட்டால்?

வீட்டுக்குப் போகும் பஸ்ஸும் மூலக்குளம் போகும் பஸ்ஸும் ஒரே நிறுத்தத்தில்தான் நிற்கும். எதில் ஏறுவது என்று அங்கே போய்ப் பார்க்கிறேன்.

ஈர நெல் காய்வதற்கு இரண்டு வெயில் வேண்டும். எவ்வளவு மெல்லிசாக இழுத்தாலும் இரண்டு.