கடைசியாகப் பார்த்தவள்

பெங்காலிப் பெண்ணொருத்தி கேட்ட மெரூன் லைனிங் துணியை அளந்து, கத்தரியை வைத்த நேரத்தில்தான் அவள் படியேறி வந்தாள். வெளியே ஜூன் மாத மழை. தீவு நகரத்தின் அபர்டீன் பஜார் சரிவில் தண்ணீர் இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தவளின் முகத்தைப் பார்த்ததும் ரஷீதாவின் கை நின்றுவிட்டது. அகன்ற நெற்றி. இடது புருவத்துக்கு மேலே சுழித்துக் கிளம்பும் முடி. கிரேசியின் அதே முகம். அந்தப் பழைய பக்கத்து வீட்டுக்காரியை இருபத்தைந்து வயதுக்கு மேல் ரஷீதா பார்த்ததில்லை. வந்தவளுக்கு முப்பத்தைந்து இருக்கும்.

"ரஷீதா ஆன்ட்டிங்களா? நான் கேத்தரின். புரோத்ராபூர் வேதநாயகம் மக."

கத்தரி கோணலாக இறங்கியது. பெங்காலிப் பெண் இந்தியில் சலித்துக்கொண்டாள். ரஷீதா மன்னிப்புக் கேட்டு வேறு துண்டு வெட்டிக் கொடுத்தனுப்பினாள். அதற்குள் கேத்தரின் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கவுன்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

அவள் நிதானமாகத்தான் பேசினாள். நான்கு வயதில் தூத்துக்குடிக்கு அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அங்கேயே படித்து, அங்கேயே பள்ளிக்கூட வேலை, கல்யாணம். ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு லீவுக்கு அப்பாவிடம் வந்திருக்கிறாள். புரோத்ராபூர் வீடும் பாக்குத் தோட்டமும் அம்மாவின் பெயரில் இருக்கின்றன. தாத்தா மகளுக்குக் கொடுத்தது. தான் இருக்கும்போதே அதைக் கேத்தரின் பெயருக்கு மாற்றிவிட வேண்டும் என்கிறார் அப்பா. அம்மா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று ஆபீசில் கேட்கிறார்கள். அதற்காக வக்கீல் பழைய போலீஸ் ஃபைலின் நகலை எடுத்திருக்கிறார்.

பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை உருவி கவுன்டரில் வைத்தாள். கையால் எழுதிய இந்தி. அடியில் மட்டும் தமிழில், உருண்டை உருண்டையாக, ரஷீதா என்று இருந்தது. அந்தக் கையெழுத்தை இப்போது அவள் அப்படிப் போடுவதில்லை.

"வக்கீல்தான் வாசிச்சுக் காமிச்சாரு. எனக்கு இந்தி தெரியாது. கப்பல் ஏறுற ஜெட்டில யாரோ பாத்தாங்கன்னு அத்தை சொல்லுவாங்க. அது நீங்கதான்னு முந்தாநேத்துதான் தெரிஞ்சுது." தாளை இன்னும் அருகில் நகர்த்தினாள். "எங்கம்மாவக் கடைசியாப் பாத்தது நீங்கதான் ஆன்ட்டி. எப்பிடி இருந்தாங்கன்னு சொல்லுங்க. அது போதும் எனக்கு."

சண்டை போட வந்திருந்தால் ரஷீதா உண்மையைச் சொல்லியிருப்பாளோ என்னவோ. இந்தப் பெண் கெஞ்சினாள். ஹேடோ ஜெட்டியில் வரிசையில் நின்றதை, கையில் ஒரு பை இருந்ததை, பச்சைச் சேலை கட்டியிருந்ததை, தாளில் இருந்த அதே வரிசையில் ரஷீதா சொன்னாள். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை.

அழுதார்களா என்று கேத்தரின் கேட்டாள். கண் சிவந்திருந்தது என்றாள் ரஷீதா. திரும்பிப் பார்த்தார்களா என்று கேட்டாள். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"பாத்துச்சுமா. ரெண்டு மூணு தடவ திரும்பிப் பாத்துச்சு."

கேத்தரின் கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விட்டுவிட்டுப் போனவள் என்று அம்மாவின் ஒரே ஃபோட்டோவைப் பத்து வயதில் கிழித்துப் போட்டதைச் சொன்னாள். மகளுக்கு அம்மாவின் பெயரை வைக்கச் சொல்லி அத்தை எவ்வளவோ கேட்டும் மறுத்ததைச் சொன்னாள். பிறகு ரஷீதாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்தினாள். நாளைப் பதினொரு மணிக்கு, கடைக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் வக்கீல் ஆபீசில் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வருவதாகவும், முடிந்தால் மறுபடி எட்டிப் பார்ப்பதாகவும் சொல்லிவிட்டுக் குடையை விரித்து இறங்கிப் போனாள்.

பொய் இவ்வளவு சுலபமாக வந்ததுதான் ரஷீதாவுக்குப் பயமாக இருந்தது.

அப்போது ரஷீதாவும் புரோத்ராபூரில்தான் இருந்தாள். கல்யாணமாகி மூன்று வருடம். கணவன் ஜாஹிர் பஜாரில் கடை வைத்திருந்தான். அவளும் மாமியாரும் வீட்டில். சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பாள். பக்கத்து வீடு வேதநாயகத்தினுடையது. மர லாரி ஓட்டினான். ஊரில் மரியாதையான ஆள். கோயில் திருவிழாவுக்கு முதல் ஆளாக நிற்பான். கிரேசியை அடிப்பான். அதுவும் எல்லோருக்கும் தெரியும். வேலியின் இந்தப் பக்கம் சத்தம் கேட்கும்போது மாமியார் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்.

அன்று அந்தி மயங்கி, மக்ரிப் தொழுது முடித்த நேரம். பின்கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் கிரேசி. பழுப்புப் பூப்போட்ட நைட்டி, வெறுங்கால். உதட்டோரம் வீங்கியிருந்தது. குழந்தை உள்ளே தூங்குகிறது, அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன், இன்றைக்கு ஒரு ராத்திரி இங்கே படுத்துக்கொள்கிறேன், விடிந்ததும் டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் இருக்கும் அண்ணன் ராபின் வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றாள். இதற்கு முன் அவள் எதையும் கேட்டு வந்ததில்லை. உள்ளே மாமியார் யார் என்று குரல் கொடுத்தார். ஜாஹிர் வருகிற நேரம். அடுத்தவன் பெண்டாட்டியை வீட்டில் வைத்துக்கொண்டோம் என்று வேதநாயகம் நாளைக்கு வாசலில் நின்று கத்தினால் என்ன செய்வது என்ற நினைப்புத்தான் ரஷீதாவுக்கு முதலில் வந்தது. காலையில் வா என்றாள். கதவைப் பாதிதான் திறந்திருந்தாள். அதைச் சாத்துவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

மறுநாள் விடியுமுன் சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தபோது பக்கத்து வீட்டு லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. மழைக்காலத்தில் மர லாரி ஏழு மணிக்கு முன்னால் கிளம்பாது. அன்று அதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. மெட்ராஸ் கப்பலில் போகும் சித்தி மகளை வழியனுப்ப ஹேடோவுக்குப் போக வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து ராபின் புகார் கொடுத்தான். போலீஸ்காரர் ரஷீதா வீட்டு முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடைசியாக எப்போது பார்த்தாய் என்று கேட்டார். மாமியார் ஒரு பக்கம், ஜாஹிர் ஒரு பக்கம், வாசலில் ராபின், அவனுக்குப் பின்னால் வேதநாயகம். பின்கதவுக்கு வந்தாள் என்று சொன்னால், நீ என்ன செய்தாய் என்பதுதான் அடுத்த கேள்வி. ராபினின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல அவளால் முடியாது. ஜெட்டியில் பார்த்தேன் என்றாள். என்ன உடுத்தியிருந்தாள் என்று கேட்டார். அலமாரியில் ஃபால்ஸுக்காகக் கிரேசி வேதநாயகத்திடமே கொடுத்தனுப்பியிருந்த சேலை, பாதி தைத்தபடி மடித்துக் கிடந்தது. வாயில் அதன் நிறம்தான் வந்தது.

"பச்ச சேல."

"ஆமா சார்" என்றான் வேதநாயகம் வாசலிலிருந்து. "அந்தப் பச்ச சேலையத்தான் பொட்டில காணோம். அதக் கட்டிட்டுத்தான் போயிருக்கா."

ரஷீதா அவனைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். கிரேசிக்கு இருந்தது ஒரே பச்சைச் சேலை. அது நான்கடி தூரத்தில், அலமாரிக் கதவுக்குப் பின்னால் இருந்தது. பெண்டாட்டியைத் தேடுகிற ஒருவனுக்கு இந்தப் பொய் எதற்கு என்று அந்த நிமிடமே அவளுக்குப் புரிந்தது. தன் பொய்யை அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான் என்பதும் புரிந்தது. போலீஸ்காரர் எழுதி முடித்துத் தாளை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

பயணிகள் பட்டியலில் கிரேசியின் பெயர் இல்லை. அந்தக் காலத்தில் வேறொருவர் டிக்கெட்டில் போகிறவர்கள் உண்டு என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தீவில் காணாமல் போனால்தான் போலீஸ் தேட வேண்டும். மெயின்லேண்டுக்குப் போய்விட்டாள் என்றால் தேடக் கடல் தாண்ட வேண்டும். ராபின் தாண்டினான். அடுத்த கப்பலிலேயே மெட்ராஸுக்குப் போய், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, மடம் மடமாக அலைந்தான். திரும்பி வந்தான், மறுபடி போனான். ஒவ்வொரு தடவையும் கிளம்புவதற்கு முன் ரஷீதாவிடம் வந்து, தங்கச்சி எந்தப் பக்கமாகப் போனாள், கூட யாராவது நின்றார்களா என்று கேட்டுக்கொண்டு போவான். எட்டு வருடம் முன்பு இறந்துபோனான். வேதநாயகம் ஒரு நாள்கூடத் தேடிப் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் தவறாமல் கேக் கொடுத்தனுப்புவான். ஜாஹிர் டெய்ரி ஃபார்மில் வீடு கட்டிக் குடிவந்த பிறகும் அது நிற்கவில்லை. ரஷீதா அதைப் பிரிக்காமலே யாருக்காவது கொடுத்துவிடுவாள். ஹேடோ பக்கம் அவள் அதற்குப் பிறகு போகவில்லை. மகள் அல்மாஸ் கப்பலேறிப் படிக்கக் கிளம்பியபோதுகூட வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள்.

சாயங்காலம் டீயை வைத்துவிட்டு எல்லாவற்றையும் ஜாஹிரிடம் சொன்னாள். முதல் முறையாகச் சொல்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னாள். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு நம்ம பின்வாசலுக்கு வந்தது எனக்குத் தெரியும். உம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சுமா நீங்க ஒண்ணும் கேக்கல?"

"என்னத்தக் கேக்க? கேட்டா நீ சொல்லிருவே. சோடோ, விட்ரு ரஷீதா. அவனுக்கும் வயசாயிருச்சு, நமக்கும் வயசாயிருச்சு."

அவர் கெட்டவர் இல்லை. அதுவும் ரஷீதாவுக்குத் தெரியும். அவள் எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியில் பழைய பெட்ஷீட்டில் சுற்றி வைத்திருந்ததை வெளியே எடுத்தாள்.

மறுநாள் பத்தரைக்கே வக்கீல் ஆபீசுக்குப் போய்விட்டாள். கேத்தரின் படியேறி வந்து, தன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று சிரித்தாள். வராந்தா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து நான் சொன்னது பொய்மா" என்றாள் ரஷீதா. "மத்லப்... அதாவது, நான் பாக்கல."

கேத்தரினின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. "திரும்பிப் பாக்கலையா?"

"ஜெட்டிக்கே வரல. உங்கம்மா ஜெட்டிக்கு வரவே இல்ல."

பிறகு சொன்னாள். பின்கதவு, வீங்கிய உதடு, காலையில் வா என்றது, லாரிச் சத்தம், போலீஸ்காரர், வேதநாயகம் வாசலிலிருந்து சொன்னது, எல்லாவற்றையும். தன்னை நல்லவளாகக் காட்டுகிற ஒரு வார்த்தையும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று கவனமாகச் சொன்னாள். அப்படிக் கவனமாக இருப்பதிலும் ஒரு நல்ல பெயரை எதிர்பார்க்கிறோமோ என்று நடுவில் தோன்றியது. துணிப்பையிலிருந்து சேலையை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். மடிப்பு வெளுத்திருந்தது. ஃபால்ஸ் பாதி வரை தைத்து, ஊசி இருந்த இடத்தில் துருப்புள்ளி.

கேத்தரின் சேலையைத் தொடவில்லை. வக்கீலின் உதவியாளர் எட்டிப் பார்த்து, பத்திரம் தயார் என்றார். அவள் தலையை மட்டும் அசைத்தாள். தெருவில் மீன்காரன் ஒருவன் இந்தியில் கூவிக்கொண்டு போனான். அவன் குரல் தேய்ந்து மறைந்தது.

"எங்கம்மா கடைசியா என்ன சொன்னாங்க?"

"'பரவால்லக்கா, காலைல வர்றேன்'னு சொல்லிச்சு."

"இது நெசந்தானா ஆன்ட்டி?"

நெசம்தான் என்றாள் ரஷீதா. கேத்தரின் அவள் வாயையே பார்த்தாள். அந்த வாயிலிருந்து வருவதில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று தெரியாத பார்வை. அப்புறம் எதையோ எண்ணிப் பார்த்தவள்போல் சட்டென்று எழுந்தாள்.

"பாப்பாவ அங்க, புரோத்ராபூர்ல, அவருகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன்."

படிகளில் வேகமாக இறங்கினாள். குடை பெஞ்சுக்கடியிலேயே கிடந்தது. ரஷீதா அதை எடுக்காமல் சேலையை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். மழையில் எந்த ஆட்டோவும் காலியாக இல்லை. பஸ் நிறுத்தத்தில் புரோத்ராபூர் வழியாகப் போகும் பஸ் நின்றிருந்தது. படியில் கால் வைத்த கேத்தரின் திரும்பாமலே பேசினாள்.

"நீங்க வர வேண்டாம். போலீசுக்குப் போங்க. என்கிட்ட சொன்னத அங்க சொல்லுங்க. அந்தச் சேலையையும் குடுங்க."

போகிறேன் என்றாள் ரஷீதா. அது கேத்தரினின் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

டிரைவர் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கேத்தரின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கீழே ரஷீதா. இடையில் ஜன்னல் கம்பிகள் மட்டும். சாரல் நேராக உள்ளே அடித்து, கேத்தரினின் மடியும் பிளாஸ்டிக் உறையும் நனைந்தன. அவள் அசையவில்லை. அவள் தலைக்கு மேலே ஜன்னல் ஷட்டர் பாதியில் நின்றது. ரஷீதா எக்கிக் கையை நீட்டிப் பார்த்தாள். எட்டவில்லை. உள்ளேயிருந்துதான் இறக்க முடியும்.

டிரைவர் ஏறினார். பஸ் ஒரு குலுக்கலுடன் நகர்ந்தது. அப்போது பின் இருக்கையிலிருந்து, கண்ணாடி வளையல் போட்ட, யாருடையது என்று தெரியாத ஒரு கை நீண்டு வந்து, கேத்தரினின் தோளுக்கு மேலாக அந்த ஷட்டரை மெல்ல இறக்கிவிட்டது.