வெள்ளை அட்டையில் எழுத வேண்டியது

...ஓட்டின் நீளம், வெள்ளை அட்டை; ஓட்டின் நிறம், அதுவும் வெள்ளை; சிப்பிக்குள் குடியிருக்கும் குட்டி நண்டு... மஞ்சள், ஏனென்றால் அதற்கு இரண்டு உயிர் வேண்டும், கை தானாகப் பிரித்துப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டே இருந்தது, கிளாடிஸுக்கு அது தன் கை என்றே தோன்றவில்லை. முத்துச்சிப்பி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, எழுபத்து மூன்றில், காசிலிங்கம் அண்ணாச்சி சொல்லித் தந்ததுதான், "ஏளா, ஒத்தையா கெடந்தாலும் அதுகிட்ட இருக்கது குணம், வெள்ளையில எழுது. ரெண்டு பேரு இருந்தாத்தான் உண்டுன்னா அது உறவு, மஞ்சள். மாத்தி வச்சே, கடலயே கொழப்பிருவ." இன்று அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. மேசை ஓரத்தில் காப்பியை வைத்துவிட்டு, போன் இருக்கும் பக்கம் பார்க்காமலே போய்விட்டார்.

புன்னைக்காயலில் ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறதாம். அவள் புருஷன் வில்பிரட் போன தோணி திரும்பாமல் பத்து நாள். முகம் தெரியவில்லை, உடம்பில் அடையாளம் ஏதாவது சொல்லுங்கள் என்று காலையில் கொழுந்தன் மனுவேல், அங்குள்ள பங்குச் சாமியாரின் பங்களாவிலிருந்து போன் செய்தான், பம்பாயிலேயே கிடந்தவனுக்கு அண்ணன் உடம்பைப் பற்றி என்ன தெரியும்... மறுபடி கூப்பிடுவான். ஒரு வெள்ளை அட்டையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். உயரம்? அவள் உச்சந்தலை அவன் தாடைக்கு வரும்... அது மஞ்சள். பேச்சு? கோபம் வந்தால் மட்டும் அவளை வாங்க போங்க என்பான்... மஞ்சள். பாதம்? குளிருகிறது என்று அவள் பாதத்தைத் தேடி வரும், தூத்துக்குடியில ஏது குளிரு என்று அவள் கேலி செய்வாள்... மஞ்சள், எல்லாம் மஞ்சள். சிப்பிக்கு இருபத்திரண்டு குணம் எழுதுகிறவள், ஆறு வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு ஒன்றே ஒன்று எழுத முடியாதா? அழுகை வருமென்று காத்திருந்தாள், வரவில்லை, காப்பியில் ஆடை படிந்தது.

போன் அடித்தபோது அட்டையில் ஒன்று இருந்தது.

"மச்சம், மனுவேல். தோள்ல. இடது பக்கம், கழுத்த ஒட்டி."

"நல்லாத் தெரியுமா மைனி?"

"தெரியாமயா?"

"இங்கன வலது பக்கம்லா இருக்கு... அப்ப அண்ணன் இல்ல மைனி! நம்ம அண்ணன் இல்ல!" சிரிக்கிறானா, அழுகிறானா... பின்னால் சின்ன மாமியார் மெட்டில்டா, "மாதாவே, மாதாவே" என்று கூவுவது கேட்டது. கிளாடிஸ் தான் எழுதியதைப் பார்த்தாள். இடது. யாருக்கு இடது? எப்போதும் எதிரே நின்று பார்த்ததுதானே, சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடும்போது, அவன் வேண்டுமென்றே குனிந்து தாடையால் மச்சத்தை மறைக்கும்போது, அவளுடைய இடது கைதானே போய்த் தொடும்... அப்படியானால் அவனுக்கு அது வலது... "மனுவேல், வச்சிராத" என்று சொல்ல வாயைத் திறந்தாள், அங்கே யாரோ யாரையோ கட்டிக்கொண்டு சிரித்தார்கள், அவளுடைய இடது கை ஆளில்லாத வெற்றிடத்தில், ஒரு தோளின் உயரத்துக்கு எழும்பி நின்றது.