நீலப்பெட்டியும் வெள்ளைப்பெட்டியும்

லிஃப்டுக்காரன் வாங்கிய கேமராவில் அவன் மனைவி விழவில்லை. மனைவி வாங்கிய கேமராவில் அவன் விழவில்லை. மற்றபடி இரண்டு கேமராக்களிலும் ஒரு குறையும் சொல்ல முடியாது. நிறம் சுத்தமாக வந்தது, பேட்டரி நாள் முழுக்க நின்றது, இனாமாகக் கொடுத்த உறைகூடப் பல வருடம் உழைத்தது.

ஃபோனில் படமெடுக்கும் வழக்கம் பரவாத காலம் அது. புதிதாகக் கல்யாணமானவர்கள் சேர்ந்து வாங்கும் முதல் பெரிய பொருள் பெரும்பாலும் டிஜிட்டல் கேமராவாகத்தான் இருந்தது. அதில் இரண்டே கட்சி. ஒன்று நீலப்பெட்டியில் வரும் கம்பெனி, இன்னொன்று வெள்ளைப்பெட்டியில் வரும் கம்பெனி. லிஃப்டுக்காரன் நீலப்பெட்டிக் கட்சி. உயரமான கட்டடங்களில் நின்றுபோகும் லிஃப்டுகளைச் சரிசெய்வது அவன் வேலை. எந்தப் பொருளானாலும் கையில் கனக்க வேண்டும், பொத்தானை அழுத்தினால் டக்கென்று சத்தம் வர வேண்டும் என்பது அவன் கொள்கை. அவன் அக்கா வீட்டிலும் நீலப்பெட்டிதான். அவன் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களுக்குப் பவர் பார்த்து, லென்ஸைத் துடைத்து, ஃபிரேமில் பொருத்திக் கொடுப்பாள். குடியிருப்பில் எல்லோரும் அவளைக் கண்ணாடிக்காரி என்றே சொன்னார்கள். கேமரா என்றால் லென்ஸ், மீதியெல்லாம் டப்பா என்பது அவள் கட்சி. அவள் அண்ணன் ஏற்கெனவே வெள்ளைப்பெட்டி வாங்கி, பார்க்கிறவர்களிடமெல்லாம் அதன் பெருமையைப் பாடிக்கொண்டிருந்தான்.

கடைக்கு அவர்கள் ஒரு சனிக்கிழமை மதியம் போனார்கள். கடைக்காரரின் சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. எதைக் கேட்டாலும் "வாரண்டி இருக்கு" என்று ஆரம்பிப்பதால் வாரண்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. இரண்டு கேமராக்களையும் கண்ணாடி மேஜைமேல் எடுத்துவைத்துவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தபோதும் அவர்கள் அதே இடத்தில்தான் நின்றார்கள்.

"கனமா இருந்தாத்தான் கை ஆடாது," என்றான் லிஃப்டுக்காரன்.

"ஆடாத கைய வச்சு என்ன பண்றது? லென்ஸ் மங்கலா இருந்தா, மங்கல்தான் ஆடாம விழும்."

அங்கே தொடங்கிய பேச்சு, படுக்கையறைத் திரைச்சீலையின் நிறத்துக்குப் போனது. அதிலிருந்து, போன விடுமுறைக்கு யார் வீட்டுக்குப் போனோம் என்பதற்கும், யாருக்காக யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதற்கும் போனது. அவன் ஒரு கப்பலில் என்ஜின் அறை வேலைக்குத் தேர்வாகியிருந்து, கல்யாணத்துக்காக அதை விட்டவன். அவள் கண் டாக்டர் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, அவன் வேலை பார்க்கும் ஊருக்கு வந்தவள். இந்த இரண்டையும் அவர்கள் வீட்டில் பேசியதே கிடையாது. கேமராக் கடையில்தான் முதல்முறையாகப் பேசினார்கள், அதுவும் வேறு மூன்று தம்பதிகள் வரிசையில் நிற்கும்போது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாரண்டிதான் ஒரு வழி சொன்னார். "ரெண்டையும் எடுத்துக்கங்க. விலையக் குறைச்சுப் போடறேன். வீட்டுக்குப் போய் நிதானமா சண்டை போடலாம்."

மறுநாள் காலை சோபாவில் சேர்ந்து உட்கார்ந்து, டைமர் வைத்து, இரண்டிலும் படம் எடுத்தார்கள். நீலப்பெட்டிப் படத்தில் லிஃப்டுக்காரன் காற்றின் தோளில் கைபோட்டுக்கொண்டு சிரித்தான். வெள்ளைப்பெட்டிப் படத்தில் கண்ணாடிக்காரி யார்மீதும் சாயாமல் சாய்ந்திருந்தாள். இடம் மாறி உட்கார்ந்து பார்த்தார்கள். விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரை எடுக்கச் சொன்னதில், அவருடைய கட்டைவிரல்கூடத் தெளிவாக விழுந்தது, அவர்கள் இருவரும் சேர்ந்து விழவில்லை. வாரண்டி இரண்டையும் கம்பெனிகளுக்கு அனுப்பிவைத்தார். பழுது ஏதும் காணப்படவில்லை என்று இரண்டு கம்பெனிகளும் பதில் போட்டன. விடுபட்ட நபர் படமெடுக்கும் நேரத்தில் அங்கே இருந்தார் என்பதற்கு ஆதாரமாக ஒரு புகைப்படம் அனுப்பினால் மேற்கொண்டு பரிசீலிப்பதாக, ஒரு கம்பெனி கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தது.

இப்படி நடந்தது அவர்களுக்கு மட்டும் இல்லை என்பது பின்னால் தெரிந்தது. கடையில் வாரண்டி ஒரு அட்டை தொங்கவிட்டார்: கணவன் மனைவி இருவரும் ஒரே கம்பெனி வாங்கவும், தவறினால் கடை பொறுப்பல்ல. லிஃப்டுக்காரனும் மனைவியும் பழகிக்கொண்டார்கள். விசேஷ வீடுகளில் அவர்கள் தலையைக் கண்டதும் எல்லோரும் இரண்டு தடவை சிரிக்கத் தயாரானார்கள். படங்களைக் கொடுக்கும்போது ஜோடியாகக் கொடுத்தார்கள். உறவினர்களும் அவற்றை ஆல்பத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, இரண்டையும் சேர்த்து ஒரே படமாகப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் படங்களில் வீடு மாறத் தொடங்கியது. நீலப்பெட்டிப் படத்தில் முதலில் திரைச்சீலை காணாமல் போனது. பிறகு சோபா போய் ஒரு மடக்கு நாற்காலி வந்தது. பிறகு அதில் உட்கார்ந்திருந்த லிஃப்டுக்காரன் இளைத்தான், வெயிலில் கறுத்தான், அவன் முழங்கால்மேல் நங்கூரம் பொறித்த தொப்பி ஒன்று வந்து உட்கார்ந்தது. வெள்ளைப்பெட்டிப் படங்களில் சுவர் முழுக்கப் புத்தக அலமாரி எழும்பியது. கதவுக்குப் பின்னால், ஷாப்பிங் பை தொங்க வேண்டிய கொக்கியில், டாக்டரின் வெள்ளைக் கோட்டு தொங்கியது. கண்ணாடிக்காரி அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். கோட்டு அவள் அளவுதான்.

அன்றிலிருந்து அவர்கள் தனித்தனியாகப் படமெடுக்க ஆரம்பித்தார்கள். அவள் வேலைக்குப் போனபின் இவன் டைமர் வைத்து உட்காருவான். இவன் குளிக்கப் போனதும் அவள் எடுத்துப் பார்ப்பாள். உள்ளங்கையளவு திரையில் அந்த இன்னொரு வீட்டை ஆளுக்கொரு மூலையில் இருந்து பார்த்துக்கொண்டார்கள். சாப்பாட்டு மேஜையில் பேச்சு குறைந்துபோனது.

"உன் படத்துல நான் இல்லாம நீ நல்லாத்தான் இருக்க," என்று ஒருநாள் அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"உங்க படத்துல நீங்க இளைச்சு, பாக்க நல்லாத்தான் இருக்கீங்க. நான் ஏதாவது கேட்டேனா?"

"கேட்டிருக்கலாம்."

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?"

அந்த மாதமே அவன் துறைமுகத்தில் தெரிந்தவர் ஒருவரிடம் வயது வரம்பு பற்றி விசாரித்தான். அவள், விட்ட படிப்பைத் தொடர முடியுமா என்று கல்லூரிக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். இரண்டு பேருக்கும் கிடைத்த பதில் முடியும் என்பதுதான். இரண்டு பேரும் வீட்டில் சொல்லவில்லை. அவன் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் தூசி தட்டினான். பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்ததாகச் சொன்னான். பூட்டு சரியாகத்தான் இருக்கிறது என்று அவளும் சொன்னாள். முந்தின வாரமே அவள் பார்த்திருந்தாள். அந்த நிலைமையில்தான் அவளுக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்தது. குழந்தை பிறந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் தனித்தனியாக முடிவுசெய்தார்கள்.

பெண் குழந்தை. ஆஸ்பத்திரிக்கு அவன் அக்காவும் அவள் அண்ணனும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். அக்கா நீலப்பெட்டியை எடுத்துக்கொண்டாள், அண்ணன் வெள்ளைப்பெட்டியை. கட்டிலில் கண்ணாடிக்காரி குழந்தையை மடியில் வைத்திருக்க, லிஃப்டுக்காரன் பக்கத்தில் நின்றான். அக்காவும் அண்ணனும் கிளிக் செய்தார்கள். பார்த்துவிட்டு அக்கா மறுபடி எடுத்தாள். அண்ணன் ஃப்ளாஷ் போட்டு எடுத்தான். பிறகு இருவரும் கேமராவைக் கொடுக்காமல் நின்றார்கள்.

"கொடுண்ணா," என்றாள் கண்ணாடிக்காரி.

"இன்னொருக்கா எடுக்கறேன். குழந்தை அசைஞ்சிடுச்சு."

"அசையல. தூங்குறா. கொடு."

வெள்ளைப்பெட்டிப் படத்தில் அதே அறை, அதே ஜன்னல். விரிப்புக் கலையாத காலிக் கட்டிலின் ஓரத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட கண்ணாடிக்காரி, வேலைக்கு நடுவில் கால் வலிக்க உட்கார்ந்தவள்போல உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒன்றும் இல்லை. கைகள் இரண்டும் உள்ளங்கை மேலே பார்க்க, சும்மா கிடந்தன. நீலப்பெட்டியில் அதே காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் தொப்பியோடு லிஃப்டுக்காரன் நின்றான். யாரைப் பார்க்க வந்தோம் என்பது மறந்துபோய், அறை எண்ணைச் சரிபார்க்கிறவனின் முகம்.

நல்ல வெளிச்சத்தில் எடுத்தால் சரியாகிவிடும் என்றாள் அக்கா. கண்ணாடிக்காரி வெகுநேரம் தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ கை எப்படி இருக்கு பாருங்க," என்றாள். "எங்க வைக்கிறதுன்னு தெரியாத மாதிரி."

லிஃப்டுக்காரன் எட்டிப் பார்த்தான். தன் கேமராவையும் அவளிடம் காட்டினான். அந்தத் தொப்பியை அவன் அவளுக்குக் காட்டியது அதுதான் முதல்முறை.

"ரெண்டு பேர் கிட்டயும் இவ இல்ல," என்றாள் அவள் குழந்தையைப் பார்த்தபடி.

"இல்ல."

"துறைமுகத்துல என்ன சொன்னாங்க?"

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவன் கேட்கவில்லை. "வரச் சொன்னாங்க," என்றான். "காலேஜ்ல?"

"வரச் சொன்னாங்க."

அவன் குழந்தையை வாங்கினான். பிறந்த குழந்தையைத் தூக்கி அவனுக்குப் பழக்கமில்லை. மோட்டாரை இறக்கிவைக்கிறவனைப்போல முழங்கையை விரித்துப் பிடித்தான். "நல்ல கனம்," என்றான். அவன் வாயால் ஒரு பொருளுக்குக் கிடைக்கும் ஆகப் பெரிய பாராட்டு அது என்பது அவன் மனைவிக்குத் தெரியும். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கொஞ்சநேரம் அழுதாள். அண்ணனும் அக்காவும் தேநீர் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்கள்.

குழந்தைக்குக் கழுத்து நின்றதும் மூன்று பேருமாக வாரண்டியின் கடைக்குப் போனார்கள். நீலமும் வேண்டாம், வெள்ளையும் வேண்டாம் என்றார்கள். வாரண்டி அடித்தட்டிலிருந்து, மூடிப்போன ஏதோ ஒரு கம்பெனியின் கேமராவைத் தேடியெடுத்தார். அதற்குப் பெட்டியே இல்லை, செய்தித்தாளில் சுற்றியிருந்தது. லிஃப்டுக்காரன் அதைத் தூக்கிப் பார்த்து, சோப்புப் பெட்டிகூட இதைவிடக் கனக்கும் என்றான். கண்ணாடிக்காரி லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, இது கண்ணாடியே இல்லை, பிளாஸ்டிக் என்றாள். கல்யாணமான பிறகு ஒரு பொருளைப் பற்றி இருவரும் ஒரே மாதிரி பேசியது அன்றைக்குத்தான்.

"இதுல மூணு பேரும் விழுவோமா?" என்று கேட்டாள்.

"விழுவீங்க. வாரண்டி இருக்கு. அழகா விழுவீங்கன்னுதான் சொல்ல மாட்டேன்."

கடையிலேயே ஒரு படம் எடுத்துக் கொடுத்தார். மூன்று பேரும் விழுந்தார்கள். லிஃப்டுக்காரனுக்கு நெற்றி இல்லை, கண்ணாடிக்காரி பச்சையாக இருந்தாள், குழந்தை ஒரு மங்கலான மூட்டை. அதைப் பிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். யார் வந்தாலும் காட்டினார்கள். துறைமுகத்துக்கும் கல்லூரிக்கும் யாரும் போகவில்லை. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் கண்ணாடிக்காரி காண்டாக்ட் லென்ஸ் பொருத்துகிற சின்னப் படிப்பு ஒன்றை மாலை வகுப்பில் முடித்தாள். அதற்கும் ஒரு கோட்டு கொடுத்தார்கள், அரைக்கை. அந்த வகுப்பு நடந்த வருடம் முழுக்க லிஃப்டுக்காரன்தான் சமைத்தான். மகளுக்கு உப்பில்லாத சாப்பாடு பழகிப்போனது அந்த வருடத்தில்தான்.

பழைய கேமராக்களை விற்கப் பார்த்தார்கள். கேட்பாரில்லை. அலமாரியில் கிடக்கிறதே என்று வருடத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றி, ஆளுக்கொரு படம் எடுத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. தூரத்து உறவினரை விசாரிப்பதுபோல அந்த இரண்டு பேரையும் விசாரித்துக்கொண்டார்கள். மகள் வளர வளர அவர்களைப் பெரியப்பா, பெரியம்மா என்றே சொன்னாள். பெரியப்பா தாடி விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார். ஒரு வருடம் அவர் வீட்டு மேஜையில் இரண்டு தட்டுகள் இருந்தன. யாரோ வந்திருக்கிறார்கள்போல என்று கண்ணாடிக்காரி சொன்னாள். அவள் குரலில் நிம்மதி இருந்தது. மறுவருடம் ஒரு தட்டுதான் இருந்தது. பெரியம்மாவுக்கு நரை சீக்கிரம் வந்துவிட்டது. பெரியம்மா வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தபோது, லிஃப்டுக்காரன் ஏணி போட்டு இந்த வீட்டின் அதே மூலையில் சிமெண்ட் பூசினான். அடுத்த படத்திலும் அங்கே ஈரம் இருந்தது. "அவளுக்கு ஒரு கொத்தனாரப் பிடிச்சுக்கொடுக்க யாரும் இல்ல," என்று அவன் பல நாள் வருத்தப்பட்டான்.

மகள் பள்ளிப் படிப்பை முடித்த வருடம், வழக்கம்போல வெள்ளைப்பெட்டியைச் சோபாவுக்கு எதிரே வைத்துக் கண்ணாடிக்காரியை எடுத்தார்கள். படத்தைப் பார்த்த மகள் அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள். பெரியம்மா சோபாவில் இல்லை. அறையின் நடுவில், கொஞ்சம் குனிந்து நின்றிருந்தாள். அவள் கையிலும் ஒரு கேமரா. அதைக் கண்ணில் வைத்து நேராக இந்தப் பக்கம் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். எந்தக் கம்பெனி என்று படத்தில் தெரியவில்லை.

"நம்மளயா எடுக்கறாங்க?" என்றாள் மகள்.

"இந்தப் பக்கம் வேற யார் இருக்கா?"

"நாம அதுல விழுவோமா?"

"தெரியல," என்றான் லிஃப்டுக்காரன். "எதுக்கும் தலைய வாரிட்டு வா."

மகள் தலை வாரிக்கொண்டு வந்தாள். கண்ணாடிக்காரி சோபாவில் கிடந்த துணிகளை அள்ளி உள்ளே போட்டாள். லிஃப்டுக்காரன் கிரீஸ் படிந்த சட்டையை மாற்றினான். மூன்று பேரும் சோபாவில் நெருங்கி உட்கார்ந்தார்கள், மகள் நடுவில். அவர்கள் கையில் கேமரா எதுவும் இல்லை. ஆளில்லாத அறையின் நடுப்பகுதியைப் பார்த்துச் சிரித்தபடி, பெரியம்மா எடுத்து முடிக்கட்டும் என்று, கொஞ்சநேரம் ஆடாமல் இருந்தார்கள்.