ஈடித் திரும்ப வேண்டும் என்ற அட்டை

மார்ட்டி ஜெல்லிக் ஹாலிவுட்டில் பெரிய தயாரிப்பாளர். புத்தகம் என்பது ஆடுகிற மேஜைக்கு முட்டுக்கொடுக்கும் சாமான் என்று நினைக்கிற பிரகிருதி. ஹார்லன் வைக்காஃப் எழுதிய அறுநூறு பக்க நாவலை, ஸ்டுடியோவின் கதை இலாகாவில் இருந்த லோர்னா ஒரே பக்கமாகச் சுருக்கிக் கொடுத்தாள். அதையும் அவர் படிக்கவில்லை. முடிவெட்டிக்கொண்டே அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "வாங்கிப் போடு" என்றார். இலக்கியம் சினிமாவான லட்சணம் இது.

லோர்னாவுக்கோ அந்த நாவலின் கடைசிப் பக்கம்தான் உயிர். ஈடித் தன் முரட்டுப் புருஷனை உதறிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு ரயிலேறுகிறாள், திரும்புவதே இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒஹையோவில் அதைப் படித்த வாரமே லோர்னாவும் தன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் பஸ் ஏறியவள். அதைச் சொன்னபோது வைக்காஃப் அவள் பிரதியில், 'ஈடித்தின் தங்கைக்கு' என்று எழுதிக் கொடுத்திருந்தார். சாய்ந்த, வால் நீண்ட எழுத்து. அதைத் தினமும் எடுத்துப் பார்ப்பாள், பைத்தியக்காரி.

முடிவை மாற்றப்போவதாகப் பேச்சு வந்தபோது ஜெல்லிக்கிடம் நேராகவே சொன்னாள்: "ஈடித் திரும்பி வந்தா நான் வேலைக்கு வரமாட்டேன் சார்."

நேற்று பக்கத்து ஊரான பொமோனாவில் ஒரு தியேட்டரில், எடுத்து முடித்த படத்தை நாவலின் முடிவோடேயே முன்னறிவிப்பில்லாமல் போட்டு, பென்சிலும் அட்டையும் கொடுத்து, ஈடித் போகட்டுமா திரும்பட்டுமா என்று ஜனங்களின் கருத்தை வாங்கினார்கள். யாரும் பேர் எழுத வேண்டியதில்லை. இன்று காலை அட்டைகளைப் பிரித்து எண்ணியவள், கடைசி அட்டையில் உறைந்துபோனாள்.

'ஈடித் புருஷனிடம் திரும்ப வேண்டும். அப்போதுதான் மனசு நிறையும்.' சாய்ந்த, வால் நீண்ட எழுத்து.

பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. சீ என்று ஆகிவிட்டது அவளுக்கு.

பதினோரு மணிக்கு ஜெல்லிக்கின் அறையில் வைக்காஃப் மேஜையைக் குத்திக்கொண்டிருந்தார். "ஒரு வரி மாத்த விடமாட்டேன்! அது என் ரத்தம்!"

"சும்மா கத்தாதய்யா. ஏம்மா லோர்னா, எண்ணியாச்சா?"

"போகட்டும்னு நூத்திப் பன்னெண்டு. திரும்பட்டும்னு நூத்திப் பதிமூணு."

"ஒரே ஒரு அட்டை!" வைக்காஃப் நெற்றியில் கைவைத்தார். "சோளப்பொரி தின்கிற ஏதோ ஒரு ஜென்மம் கிறுக்கினது! இந்த ஜனங்களுக்கு இலக்கியம் ஒரு கேடா? சரி, தோத்துட்டேன். உங்க இஷ்டம்." மூச்சுவிடாமல் கேட்டார்: "படம் வர்றப்போ புஸ்தகமும் புதுசா வருதாமே? அதுலயும் இதே முடிவைப் போட்டுடலாமா?"

லோர்னா அந்த அட்டையை அவர் முன்னால் வைத்தாள். "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க சார். புஸ்தகத்துல எழுதிக் குடுத்தீங்களே, அதுக்குப் பக்கத்துல ஒட்டி வெச்சுக்கறேன்."

வைக்காஃப் அவசரமாக அட்டையைக் கையால் மூடப் பார்த்தார். ஜெல்லிக் எட்டிப் பார்த்துவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தார். "அட, நீதானா அது! முன்னாடியே சொல்லியிருந்தா பொமோனாவுக்கு அலைஞ்சிருக்கவே வேண்டாமேய்யா!"

லோர்னா புத்தகத்தையும் அந்த அட்டையின் மேலேயே போட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டாள்.

"எங்கம்மா கிளம்பிட்டே? ஈடித் திரும்பி வர்ற சீனை டைப் பண்ணணும்."

"அவ வருவா சார். நான் வரமாட்டேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.