சுவருக்கு இந்தப் பக்கம்

"பாட்டுல முள்ளே இல்லையே, ஷுவேனா அக்கா. இதுக்கு எவ எந்திரிச்சு வருவா?"

மக்காமே இப்படிக் கேட்டபோது கல்யாணப் பந்தலில் பெண்கள் பிலாவ் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அவர்தான் எங்கள் பாட்டுக் குழுவின் தலைவர். ஷுவேனா இத்தனை காலம் பாடியதெல்லாம் அவரும் அவர் அப்பாவும் எழுதியவை. பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்து அவளே கட்டிய முதல் பாட்டு இது. அறுபதைத் தாண்டிவிட்டாள்.

"வருவாங்க. நீ அக்கார்டியனைத் தூக்கு," என்றாள்.

எங்கள் சான்சிபாரில் 'தாராப்' என்கிற இந்தப் பாட்டு கேட்பதற்கு மட்டுமல்ல. தனக்கு ஆகாதவளைக் குத்துகிற அடி பாட்டில் வந்ததும் ஒருத்தி பண நோட்டை உயர்த்திப் பிடித்து, இடுப்பை ஆட்டி, அவளையே பார்த்தபடி அதைப் பாடகியிடம் கொடுக்க வருவாள். வாய் திறக்காமலே சண்டை முடிந்துவிடும். ஒருத்தியும் எழாத பாட்டு அன்றோடு செத்தது. அதை எந்த வீட்டிலும் மறுபடி கேட்க மாட்டார்கள்.

ஷுவேனாவை அதிகம் குத்தியவள் அவளுடைய சக்களத்தி ஸுஹுரா. ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறையில் இருந்தவர்கள். புருஷன் ஷுவேனாவை விலக்கி அனுப்பிய பிறகும், அவன் மண்ணுக்குப் போன பிறகும் ஸுஹுராவின் ஆத்திரம் தீரவில்லை. எந்தக் கல்யாணமானாலும் முதல் வரிசையில் உட்காருவாள். ஷுவேனா பாடும் வசையை ஷுவேனா மீதே எறிந்து, கையில் நோட்டையும் திணித்துவிட்டுப் போவாள். வயலினுக்குப் பின்னால் சிரிப்பை அடக்குவதே எனக்குப் பெரும்பாடு. ஷுவேனா மட்டும் சுருதி பிசகமாட்டாள். அதில் எனக்கு அவள்மேல் பொறாமைகூட உண்டு.

முதல் சரணத்துக்கு யாரும் எழவில்லை. இரண்டாவதற்கு மருதாணி நன்றாகச் சிவந்ததா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். மக்காமே என்னை முறைத்தார், நான்தான் எழுதிக் கொடுத்ததுபோல. ஷுவேனா சொந்த அடுப்படியில் நிற்பவள்போல, அவசரமே இல்லாமல் மூன்றாவதை எடுத்தாள்:

'நீ அழுதது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது,
நானும் அழுதேன், உனக்குக் கேட்காமல்.'

ஸுஹுரா எழுந்தாள்.

பெண்கள் பழக்கத்தில் குலவையிட்டார்கள். யாரைக் குத்தப்போகிறாள் என்று கழுத்துகள் திரும்பின. அவள் யாரையும் பார்க்கவில்லை. இடுப்பும் ஆடவில்லை. நேராக வந்து ஷுவேனாவின் முன்னால் நின்றாள்.

"கேட்டுச்சா?" என்றாள், பாட்டு நடக்கும்போதே. "அப்பவே சுவத்தைத் தட்டியிருக்கக் கூடாதாடி?"

முடித்துவிடலாம் என்று மக்காமே கண்காட்டினார். ஷுவேனா தலையை ஆட்டி மறுத்துவிட்டு, அதே சரணத்தை மறுபடி எடுத்தாள். நாங்களும் கூடவே போனோம். ஸுஹுரா கொடுக்க மறந்த நோட்டைக் கைக்குள் கசக்கிக்கொண்டு, சுருதி சேராத குரலில் 'நானும் அழுதேன்' என்ற இரண்டாம் அடியைப் பாட ஆரம்பித்தாள்.