ஏரியைச் சுற்றி மூன்று சுற்று

தையல்காரம்மாவின் போன் ஒரு வாரமாக அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. தொட்டால் நகராது. காலையில் முழுக்க சார்ஜ் ஏற்றினாலும் மதியத்துக்குள் செத்துப்போகும். அளவு அனுப்பிய இரண்டு பேர், பதில் வராததால் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை போன் மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள்.

அவர் கேபிளைச் செருகி, தன் கம்ப்யூட்டரில் எதையோ திறந்தார்.

"இது இலவசம்க்கா. எழுதினவங்க எதையும் மூடி வைக்கல, உள்ள என்ன இருக்குன்னு யார் வேணும்னாலும் படிச்சுப் பாக்கலாம். போன்ல ஒளிஞ்சிருக்கிற ஆப்பைக்கூட காட்டிக் குடுத்துடும்."

காட்டிக்கொடுத்தது. கம்பெனிக்காரன் திணித்தது, என்றைக்கோ தெரியாமல் தொட்டதில் வந்து ஒட்டிக்கொண்டது என்று பதினேழு! ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தவர், ஒன்றில் நின்றார்.

"சார்ஜைக் குடிக்கிறது இதுதான். நீங்க எங்க போறீங்க வர்றீங்கன்னு யாரோ வேவு பாக்கிறாங்கக்கா!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரோ இல்ல, என் மக. வெளியூருக்கு வேலைக்குப் போறப்ப போட்டுவிட்டா. 'நாள் பூரா மெஷின் முன்னாடியே உக்காந்திருக்காதம்மா, ஏரியைச் சுத்தி நட, நான் பாத்துட்டே இருப்பேன்'னா. அதை மட்டும் தொட்டுடாதீங்க."

மகள் ஊருக்குப் போன அன்றிலிருந்து தினமும் மூன்று சுற்று. முழங்கால் விண்விண்ணென்று தெறித்தாலும் மூன்று, மழை கொட்டினாலும் மூன்று. மகள் வாரக்கணக்கில் பேசாவிட்டால் என்ன, பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்! பைத்தியக்காரி இவள், சில நாள் கரையில் நின்று போனைப் பார்த்துக் கையும் ஆட்டியிருக்கிறாள்.

மெக்கானிக் அந்த ஆப்பைத் திறந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"அக்கா... அந்தப் பக்கம் யாரும் இல்ல. அவங்க இதைவிட்டு வெளிய போயி எட்டு மாசம் ஆச்சு."

"சும்மா இருங்க, உங்களுக்கு என்ன தெரியும்!" கேபிளோடு போனைப் பிடுங்கி மகளை அழைத்தாள்.

"என்னம்மா? வேலையா இருக்கேன்."

"ஒண்ணுமில்லடி. நான் இப்ப எங்க இருக்கேன், சொல்லு பாப்போம்?"

"இதென்ன கேள்வி? வீட்லதான், மெஷின் முன்னாடி. வேற எங்க போகப்போற நீ?"

வாசலில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதுகூட மகள் காதில் விழவில்லை.

"ஆமாடி, மெஷின் முன்னாடிதான். நீ வேலையைப் பாரு."

எட்டு மாதமாக யாருக்குக் கையாட்டினோம் என்று நினைத்தவள், போன் திரையை முந்தானையால் துடைத்தாள். மெக்கானிக் எதையோ தேடுவதுபோல மேசைக்கடியில் குனிந்துகொண்டார். அவள் போனை அவர் பக்கம் தள்ளினாள்.

"எடுத்துடுங்க," என்றாள். "முழங்காலாவது நிம்மதியா இருக்கட்டும்."